வாத்தியக் குழுவின் ஸ்டாண்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, விளக்கக் கடிதமாகப் பிறந்தது. எங்கள் ஊர்ப் பதிவகத்தில் வேலை பார்க்கும் ஐந்து பேரும் தமக்குத் தெரிந்ததை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வியாழக்கிழமை காலைக்குள் தர வேண்டும் என்று தலைமைப் பதிவாளர் தோன் காசியானோ உத்தரவு போட்டார். ஒரு பக்கம்கூட வேண்டாம், எனக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி சொல்லலாமே என்று தோன்றியது. இப்போது ஒன்பது தாள் ஆகிவிட்டது. பயந்தவன் பேச ஆரம்பித்தால் இப்படித்தான்.

வியாழக்கிழமை விசாரணை. அது முடியும்போது நெலிடாவின் வேலை போகும். பத்தொன்பது வருட வேலை. பிழை அவள் பெயரில் ஏறியிருக்கிறது, ஆனால் பிழை செய்தது அவள் இல்லை. இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் அந்த ஒரு வரி.

2

முதல் தொடக்கம்: "பராகுவேயின் தெற்கே, பரானா ஆற்றங்கரையில், சிவப்பு மண் தெருக்கள் உள்ள ஒரு சிற்றூர்—"

வேண்டாம். பேருந்து நிலையத்தில் கொடுக்கிற துண்டுச் சீட்டு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "நெலிடா அன்று ஒரு வரியைத் தவறவிட்டாள், அதனால்—"

பொய். அடித்துவிட்டேன். பென்சில் கோடு தாளைக் கிழிக்கிற அளவுக்கு அடித்திருக்கிறேன்.

மூன்றாவது: "தோன்யா எபிஃபானியா செத்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தபோது ஒரு கூடை சிப்பா ரொட்டியோடு எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார்."

இது பரவாயில்லை. இப்படித்தான் நடந்தது, அக்டோபர் மாதம். (தோன், தோன்யா என்பது எங்கள் ஊரில் பெரிய மனிதர், பெரிய மனுஷி பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதைச் சொல்.)

"எம்மா பொண்ணு, அடையாள அட்டை புதுப்பிக்கப் போனா, நான் செத்துட்டேங்கறாங்க. எண்பத்தெட்டுலயே போயிட்டேனாம். அப்ப நேத்து மரவள்ளிக் கிழங்கு உரிச்சது யாரு, என் ஆவியா?"

நெலிடா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆவி இவ்ளோ சிப்பா சுமந்துட்டு வராது தோன்யா. உட்காருங்க, பாக்கறேன்."

"சீக்கிரம் பாரு தாயி. பாலத்துக்கு அந்தாண்ட, அர்ஜென்டினாவுல, எம்பொண்ணு நிறைமாசமா இருக்கா. அட்டை இல்லாம தாண்ட விடமாட்டேங்கறான். செத்தவளுக்குப் பாலம் எதுக்குன்னு கேக்கறான் அந்தக் கொழுப்பெடுத்தவன்!"

நெலிடா கணினியில் தேடினாள். எபிஃபானியா ரொத்தேலா, இறந்தார், 1988. அதற்குக் கீழே, பதிவு செய்தவர் பெயர். அவளுடைய பெயர். சிரிப்பு நின்றது.

(ஓரத்தில்: தோன்யாவை உயிர்ப்பிக்க நீதிபதியின் உத்தரவு வேண்டியிருந்தது. ஐந்து வாரம். பேரன் பிறந்து, தொப்புள்கொடி விழுந்து, பெயர் வைத்து முடிந்த பிறகுதான் அவர் பாலம் தாண்டினார். இதுவும் என் கணக்கில்தான் சேரும்.)

3

வேலையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் பிழை புரியாது.

எங்களிடம் பழைய பிறப்புப் பதிவேடுகள் நானூற்றுச் சொச்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தின்று கொழுத்த ஒரு வாத்தின் எடை. எல்லாம் கையால் எழுதியவை. ஒரு பக்கத்துக்கு இரண்டு குழந்தைகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இடது பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணம் செய்தால் ஓரத்தில் எழுதுவார்கள். செத்தாலும் அதே ஓரத்தில்தான் எழுதுவார்கள். பிறப்புக்குப் பக்கத்திலேயே சாவு, எங்கள் முறை அது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது பதிவு.

பதிவேட்டை எங்கே வைப்பது? மேசையில் விசைப்பலகை நடுவில் இருக்கிறது, மவுஸ் வலது பக்கம். ஆக, இடது பக்கம் மல்லாக்கப் படுக்க வைப்போம். பெயரைக் குனிந்து படிக்கிறோம், நிமிர்ந்து திரையைப் பார்த்துத் தட்டுகிறோம், மறுபடி குனிகிறோம். ஒரு பதிவுக்குப் பதினொரு கட்டம். அறுபது பதிவுக்கு எத்தனை முறை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ நாள் முழுக்க ஆமாம் சாமி போடுகிற வேலை.

வலியைத் தவிர இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. திரைக்குப் போன கண் திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே இறங்குவதில்லை. ஒரு வரி மேலே இறங்கும், ஒரு வரி கீழே இறங்கும். களைத்த கண்ணுக்குத் தான் தவறான வரியில் இறங்கியது தெரியவே தெரியாது.

(ஓரத்தில்: இன்னொன்றையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டும். வெயிலுக்கு நாங்கள் குடிப்பது தெரெரே. யெர்பா இலையை மாட்டுக்கொம்புக் குவளையில் போட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி, குழலால் உறிஞ்சுவோம். ஐந்து பேருக்கும் ஒரே குவளை, ஒரே குழல். ஊற்றித் தருவது பதினோரு வருடமாக என் வேலை. போதும் என்றால் "நன்றி" என்று சொல்ல வேண்டும். நன்றி சொன்னவருக்கு அப்புறம் ஊற்றக் கூடாது.)

4

நெலிடாவுக்கு இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. தூக்கத்தில் கை மடங்கியிருக்கும் என்றாள் முதலில். அப்புறம் ஒரு நாள் குவளை கைநழுவி விழுந்தது. பிசியோதெரபிக்குப் போனாள். அங்கிருந்த பெண் சொன்னதை எங்கள் முன்னால் நடித்தே காட்டினாள்.

"'ஆபீஸ்ல தாளை எங்கம்மா வெக்கறீங்க'ன்னு கேட்டா. இடது பக்கம் படுக்க வெப்போம்னேன். 'தாள் சொகுசாப் படுத்திருக்கு, நீ அதுக்குக் கும்புடு போட்டுட்டு இருக்கே. அதை எந்திரிக்கச் சொல்லு. ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல, அதே உயரத்துல, கண்ணுல இருந்து அதே தூரத்துல நிக்கட்டும். கண்ணு மட்டும் போயிட்டு வரட்டும், தலை எதுக்குக் கூடவே ஓடணும்'னா. அவ்ளோதான் வைத்தியம். ஒரு மாத்திரைகூடக் குடுக்கல."

தாளை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்று மனு எழுதினாள். தோன் காசியானோ படித்தார்.

"பதிவேட்டுக்குச் சிம்மாசனம் கேக்கறியா? முப்பது வருஷம் குனிஞ்சுதான் எழுதினேன். என் கழுத்து என்ன கழண்டா விழுந்துருச்சு?"

அவர் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். அதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

வழியை நெலிடாவே கண்டுபிடித்தாள். நகராட்சி வாத்தியக் குழுவின் சாமான்கள் எங்கள் பின்னறையில்தான் கிடக்கும். இசைக் குறிப்புத் தாளை வைத்து வாசிக்கிற இரும்பு ஸ்டாண்டுகள், மூன்று கால் வைத்தவை. கிளாரினெட் ஊதுகிறவரிடம் சொல்லிவிட்டு ஒன்றைத் தூக்கி வந்தாள். பதிவேட்டின் கனத்துக்கு அது முன்னால் சாய்ந்தது, காலில் ஒரு செங்கல்லைக் கட்டினாள். மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க இரண்டு துணிக் கிளிப் போட்டாள். படிக்கிற வரிக்குக் கீழே யெர்பா பாக்கெட்டிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று. ஒரு வரி தட்டினால் அட்டை ஒரு வரி இறங்கும்.

நாங்கள் சும்மா விடுவோமா? "நெலிடா, அடுத்து என்ன பாட்டு?" என்பேன்.

"உன் கருமாதிப் பாட்டுதான்டா சிரிலோ, வேலையைப் பாரு."

இரண்டு மாதத்தில் அவள் விரல்களுக்கு உணர்ச்சி வந்தது. பதினோரு மணிக்குள் அறுபதை முடித்தாள். நான் கேலியை நிறுத்தவில்லை. என் கழுத்தும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் வருகிறது. பெயர் அபாரிசியோ. நாற்பது வயது, மீசை, வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவன். கவனம் போதாதவன். அந்தப் பிழையை அவன்தான் செய்கிறான். அவன் மேல் உங்களுக்கு இரக்கம் வர வேண்டுமே என்று ஒரு நோயாளி மனைவியைக்கூடக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தாள் முழுக்க அவன்தான்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. எந்தக் கையால் குவளையைப் பிடிப்பான் என்று கேட்டால் தெரியவில்லை. பிழை செய்கிற காட்சிக்கு வந்தால் மட்டும் ஆள் தெளிவாகத் தெரிகிறான். குனிகிறான், இடது தோளில் எனக்கு வலிக்கும் அதே இடத்தில் அவனுக்கும் வலிக்கிறது. சட்டைப் பையில் என் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. என் மகள்—

சரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனிடம் சோறாவது நிறைய இருக்க வேண்டும். என்னிடம் ஒன்பது தாள்தான் இருக்கிறது. அபாரிசியோ மறுபடி மாற்றலாகிப் போய்விட்டான். அவன் மனைவிக்கு உடம்பு தேறட்டும்.

6

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒத்திகைக்காக வாத்தியக் குழு எல்லா ஸ்டாண்டுகளையும் எடுத்துப் போயிருந்தது. நெலிடாவுடையதையும்தான். செங்கல் மட்டும் மேசைக்கு அடியில் கிடந்தது.

செவ்வாய்தோறும் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அவளுக்குப் பிசியோதெரபி. அதற்கு அனுமதி கிடையாது. கிடைக்காத அனுமதிக்கெல்லாம் எங்களிடம் ஒரு வழி உண்டு. போகிறவர் தம் பெயரில் கணினியைத் திறந்து வைத்துவிட்டுப் போவார், இருக்கிறவர் அதில் உட்கார்ந்து அவருடைய எண்ணிக்கையை நிரப்புவார். என் மகளின் பள்ளி விழாவுக்கு, என் அம்மாவின் கண் அறுவைக்கு, அட, நான் மீன் பிடிக்கப் போனதற்குக்கூட நெலிடா எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். அவள் தட்டியதில் என் பெயருக்கு ஒரு பிழை வந்தது கிடையாது.

அன்று அவளுக்காக உட்கார்ந்தது நான்.

(ஓரத்தில்: அந்த ஒரு வரி இதுதான். ஆறாம் பகுதி வரை இழுத்துவிட்டேன். மன்னியுங்கள்.)

பதிவேடு இடது பக்கம் படுத்திருந்தது. அட்டைத் துண்டு திரைக்குக் கீழே இருந்தது. நான் எடுக்கவில்லை, அது அவளுடைய விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். திறந்திருந்த பக்கத்தின் மேல்பாதியில் பசிலியா என்றொரு குழந்தை, கீழே எபிஃபானியா. பசிலியா வளர்ந்து 1988இல் இறந்திருக்கிறார். அதை ஓரத்தில் எழுதிய குமாஸ்தாவுக்குப் பெரிய கையெழுத்து. நான்கு விரல் அகலம் போதாமல் எழுத்து வழிந்து கீழ்ப் பதிவின் ஓரம் வரைக்கும் இறங்கிவிட்டது. புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே நிறுத்தினால் அது மேலிருந்து வருகிறது என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். பக்கவாட்டில் படுத்த புத்தகத்தை, கழுத்தைச் சாய்த்து, கையில் குவளையோடு பார்த்தால் எபிஃபானியாவுக்குப் பக்கத்தில் "இறந்தார்" என்று இருக்கிறது.

தட்டினேன். பக்கத்தைத் திருப்பினேன்.

பதினொன்றுக்கு நெலிடா வந்தாள். "எத்தனைடா முடிச்சே?"

"முப்பத்தொன்பது."

"மகராசனா இருப்பே!" என்று என் முதுகில் தட்டினாள். மதியம் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். உயிரோடு இருக்கும் ஒரு மனுஷியைச் சாகடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை.

7

தோன்யா வந்துபோன மறுநாள் தோன் காசியானோ நெலிடாவின் மேசைக்கு வந்தார்.

"உன் பேரு. செவ்வாய்க்கிழமை, ஒன்பது நாப்பது. இன்னும் என்ன வேணும்? யாரையும் கேக்காம ஸ்டாண்டைத் தூக்கிட்டு வந்தே. மேளம் கொட்டறவன் சாமான்ல ஜனங்களோட பிறப்பு இறப்பை வெச்சா இப்படித்தான் ஆகும்."

"அன்னிக்கு ஸ்டாண்டு இங்க இல்லீங்க தோன். ஒத்திகைக்குப் போயிருந்துச்சு."

"ஸ்டாண்டு இல்ல. சரி, நீ இருந்தேல்ல?"

நெலிடா திரையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். செவ்வாய், ஒன்பது நாற்பது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் இரண்டு கை தூரத்தில் குவளையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேரு என்னுதுதானே இருக்கு," என்றாள்.

ஸ்டாண்டு பின்னறைக்குப் போனது, பதிவேடு பழையபடி படுத்தது. ஒரு வாரத்தில் அவள் இடது கையை உதற ஆரம்பித்தாள். நான் குவளையை நீட்டினேன். காலையில் எட்டு முறை வாங்கிக் குடிக்கிறவள், ஒரு வாய்கூட உறிஞ்சாமல், "நன்றி, சிரிலோ," என்றாள்.

ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் அவளுக்கு ஊற்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசைதான்.

போன திங்கட்கிழமை பேசிப் பார்த்தேன். "நெலிடா, நான் சொன்னா ரெண்டு பேருக்குமே வேலை போயிடும். அன்னிக்கு நீ ஆபீஸ்ல இல்லேங்கறதும் வெளிய வந்துரும்."

"வரட்டும். நான் பொய் சொல்லலடா. பேரு என்னுதுன்னேன், அது நிஜம். மிச்ச நிஜம் உன்கிட்ட இருக்கு. உனக்கும் ஒரு தாள் குடுத்திருக்காங்கல்ல? எழுதத் தெரியும்ல? அதையும் நான் உக்காந்து உன் பேர்ல எழுதணுமா?"

அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் தோன் காசியானோ மனம் உருகி ஐந்து பேருக்கும் ஐந்து ஸ்டாண்டு வாங்கித் தருகிறார். சிரிக்காதீர்கள், ஒரு தாள் எழுதினேன்.

இரண்டாவதில் தோன்யா எபிஃபானியா பேரனைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்கு வந்து, "செத்தவளே மன்னிச்சுட்டேன், உங்களுக்கென்ன வந்துச்சு?" என்று கேட்கிறார். கூப்பிட்டால் நிஜமாகவே வருவார், அந்த மாதிரி மனுஷி. ஆனால் என் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் அவரை ஏன் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று எனக்கே தெரியும்.

மூன்றாவதில் நான் எதுவும் எழுதவில்லை. நெலிடா போகிறாள். ஜன்னல் பக்கத்து மேசை எனக்குக் கிடைக்கிறது. இதுதான் மளமளவென்று எழுத வந்தது, ஒரு அடித்தல்கூட இல்லை. படித்துப் பார்த்ததும் கிழித்தேன்.

9

இன்று வியாழன். காலை ஐந்தே முக்காலுக்குக் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். பின்னறையிலிருந்து ஸ்டாண்டைத் தூக்கி வந்தேன். செங்கல்லைக் கட்டி, என் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பென்சிலில் எழுதிய தாள்களைக் கிளிப் போட்டு மாட்டினேன். அட்டைத் துண்டையும் வைத்தேன். ஒரு மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன், தலை அசையவில்லை. பதினோரு வருடம் நான் கேலி செய்தே வீணாக்கிய சுகம் இது. திருத்தம்: பதினோரு வருடம் இல்லை, அவள் ஸ்டாண்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து. இன்று கணக்குச் சரியாக இருக்கட்டும்.

செவ்வாயன்றே இதை வீட்டு மேசையில் தாளைப் படுக்க வைத்து ஒரு முறை தட்டிப் பார்த்தேன். முடித்துப் படித்தால், "அன்று அவளுக்காக உட்கார்ந்தது நான்" என்ற வரியைக் காணோம். கண் தாண்டிப் போயிருந்தது. கண்தானா, தெரியாது. இன்று அந்த வரிக்குக் கீழே அட்டை நின்றது. கண்ணுக்கு நேரே நின்றது. தாண்டிப் போக வழியில்லை, தட்டினேன்.

தோன் காசியானோவின் மேசையில் கடிதம் போடும் தட்டில் வேறொரு தாள் வைத்திருக்கிறேன். "ஆகஸ்ட் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது முதல் பதினொன்று வரை நெலிடாவின் பெயரில் ஏறிய முப்பத்தொன்பது பதிவுகளையும் தட்டியது நான், சிரிலோ." வரவு முத்திரை குத்தி, வரிசை எண்ணும் போட்டாயிற்று. இனி நானே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. எனக்கும் அவளுக்கும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதை அவர் எழுதுவார்.

இதை அச்சடித்து, ஸ்டாண்டை நெலிடாவின் மேசைக்கு மாற்றப் போகிறேன். அவள் என்னைவிட ஒரு சாண் குட்டை, திருகை இறக்கி அவள் கண் உயரத்துக்கு வைக்க வேண்டும். குவளையில் புது யெர்பா போட்டிருக்கிறேன். ஐஸ் இருக்கிறது.

முடிவைக் கேட்பீர்கள். எழுத நேரமில்லை, வாசலில் அவள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது.

நெலிடா, இதுவரை "நீங்கள், நீங்கள்" என்று யாரையோ பார்த்துப் பேசியதெல்லாம் உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான். முதலில் படிப்பது நீ. அட்டை முதல் வரியில் இருக்கிறது, இறக்கிக்கொண்டே வா. இடது பக்கம் நான்கு விரல் ஓரம் விட்டிருக்கிறேன், என்னைப் பற்றி எழுத வேண்டியதை அங்கே எழுது. படித்து முடித்ததும் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடாதே. உனக்கு நேரே, திரைக்குப் பின்னால்தான் நிற்கிறேன், கையில் குவளையோடு. வாங்கிக்கொண்டாலும் சரி, நன்றி என்று சொன்னாலும் சரி.

தண்ணீர் ஊற்றிவிட்டேன்.